கோதாவரிக் கரையில் கடைந்தெடுத்த பேனா

சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் ரயில் கொவ்வூரைத் தாண்டி கோதாவரிப் பாலத்தின்மேல் ஏறியதும், ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் நதியில் ஒரு காசைப் போட்டுக் கும்பிட்டுக்கொள்வது வழக்கம். மறுகரையில் வரும் ஊர் ராஜமுந்திரி. 2015 முதல் அதன் பெயர் ராஜமகேந்திரவரம் என்று மாறியிருந்தாலும் நமக்கெல்லாம் அது ராஜமுந்திரிதான். நம் ராஜராஜ சோழனின் மகள் வயிற்றுப் பேரனான ராஜராஜ நரேந்திரன் அரசாண்ட ஊர் அது. அவன் சபையில்தான் நன்னய பட்டர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். புஷ்கரத்துக்காகப் போய் வந்த வாசகர்கள் பலர் இருப்பார்கள். ஸ்நானம், தரிசனம் எல்லாம் முடித்துத் திரும்பியிருப்பார்கள். ஆனால் எழுதுகோல் சரித்திரத்தில் அந்த ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு என்பதை அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஒரு பௌண்டன் பேனாவை, அதன் ஒவ்வொரு உறுப்பையும், கையாலேயே செய்ய முடியுமா? அதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும்? இன்று இது பொழுதுபோக்குக்காரர்களின் கேள்வி போலத் தோன்றலாம். 1930-களில் இது ஸ்வதேசிக் கேள்வியாக இருந்தது.

அக்காலத்தில் வக்கீல்கள், வாத்தியார்கள், குமாஸ்தாக்கள் சட்டைப் பையில் செருகியிருந்தவை ஸ்வான், பிளாக்பேர்ட், வாட்டர்மேன், பார்க்கர் முதலிய சீமைப் பேனாக்கள். கதர் உடுத்தியவர்கள்கூட, ஸ்வதேசித் தீர்மானங்களை விதேசிப் பேனாவால்தான் எழுதினார்கள். துணியை ராட்டையில் நூற்றுவிடலாம். பேனாவை எதில் நூற்பது? ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் இதற்கு ஒரு விடை கண்டார். பொற்கொல்லர் தொழில் அறிந்தவர் அவர். அன்றாடம் எல்லோரும் உபயோகிக்கும் சிறு பொருள் ஏதாவது செய்யும்படி 1921-ல் காந்திஜி சொன்ன யோசனைதான் வித்து என்பது அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. 1932-ல் ரத்னம் பேனாத் தொழிலகம் தொடங்கியது.

அவர் செய்த பேனா ஒன்று காந்திஜியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டு சேர்த்தவர் ஜே.சி. குமரப்பா. இவர் நம் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, பின் காந்திஜியிடம் வந்து சேர்ந்தவர். 1934 டிசம்பரில் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக வார்தாவில் இருந்தார். 1935 ஜூலை 16-ஆம் தேதி வார்தாவிலிருந்து ரத்னத்துக்கு காந்திஜி எழுதிய கடிதம் புகழ்பெற்றது. குமரப்பா மூலம் வந்த பேனாவைத் தாம் உபயோகித்துப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தார். ஆஹா ஓஹோ என்ற பாராட்டு ஒன்றும் அதில் இல்லை. நாணற்குச்சியைச் சீவி, கிராமத்து மையில் தோய்த்து, கைக்காகிதத்தில் எழுதலாமே என்று சொல்லி வந்தவர் அவர். அப்படிப்பட்டவர் ‘உபயோகித்துப் பார்த்தேன்’ என்று எழுதியதே பெரிய சர்ட்டிபிகேட் என்பது என் எண்ணம்.

இனி பட்டறைக்குள் போவோம்.

பேனாவின் உடம்பு எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆனது. ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். சாதாரண ரப்பருக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் போதும். அதை 30 பங்கு அளவுக்குக் கூட்டி நெடுநேரம் வேகவைத்தால் கொம்பு போலக் கெட்டியான கறுப்புப் பொருள் கிடைக்கிறது. அவருடைய தம்பி நெல்சன் 1851-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருங்காலி மரத்துக்கு ஆங்கிலத்தில் எபனி என்று பெயர். அதைப் போல் கறுத்து மினுமினுப்பதால் எபோனைட் ஆயிற்று. கையில் வைத்துச் சற்றுத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாசனை வரும். பழைய பேனா எபோனைட்டா, பிளாஸ்டிக்கா என்று கண்டுபிடிக்க இதுவே சுலபமான வழி.

எபோனைட் நீண்ட உருட்டுக் கம்பிகளாக வரும். அதை மூடிக்கு ஒரு துண்டு, உடம்புக்கு ஒரு துண்டு, கழுத்துக்கு ஒரு துண்டு என்று வாளால் அறுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு எல்லாம் கடைசல் பட்டறையில்தான். சப்பாத்திக் குழவியும் மரச்செப்பும் கடைவார்களே, அதே தத்துவம். மின்சாரம் எட்டாத நாட்களில் ஒருவர் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்ற, அதிலிருந்து ஓடும் வார் கடைசல் பட்டறையின் அச்சைச் சுழற்றும். மற்றவர் உளியைப் பிடிப்பார். சுற்றுகிறவரின் வேகமும் பிடிக்கிறவரின் அழுத்தமும் ஒத்துப்போக வேண்டும். பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் உள்ள உறவு மாதிரி என்று சொன்னால் நம்மவர்களுக்குப் புரியும். உளி சரியான கூரில் இருந்தால் எபோனைட் நாடா நாடாவாகச் சுருண்டு விழும். மழுங்கியிருந்தால் பொடியாக உதிரும். கெட்டி ரப்பர் எஃகையே தேய்த்துவிடும் குணமுள்ளது. ஆகவே கடைசல்காரர் வேலை நேரத்தில் ஒரு பகுதியைச் சாணைக்கல்லில்தான் கழிக்க வேண்டும்.

அடுத்தது துளை போடுவது. உடம்பின் துளை மறுமுனையைத் தொடாமல் நிற்க வேண்டும். நாலாபுறமும் சுவர் ஒரே கனமாக இருக்க வேண்டும். துளையாணியின் சூட்டில் எபோனைட் இளகிவிடும் என்பதால், சிறிது போட்டு, வெளியே இழுத்துத் துகளைத் தட்டி, ஆறவிட்டு மறுபடி போட வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலையில்லை.

பிறகு மரை. பேனாவின் உயிர் மரையில் இருக்கிறது என்றே சொல்லலாம். கையால் செய்த நம் நாட்டுப் பேனாக்கள் பெரும்பாலும் பில்லரால் மை ஊற்றும் வகையைச் சேர்ந்தவை. உள்ளே ரப்பர்ப் பை, நெம்புகோல் முதலிய ஏற்பாடு எதுவும் கிடையாது; உடம்பே மைக்கூடு. இதைச் சிலர் நம்மவர்களின் தொழில்நுட்பக் குறை என்று எழுதியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு உதிரி உறுப்புக்கும் தனி அச்சு, தனி யந்திரம் வேண்டும். உறுப்பைக் குறைத்தால் கருவி குறையும். தவிர, ரப்பர்ப் பை நம் வெயிலுக்கு நாளடைவில் இற்றுப்போகும். பையில்லாத பேனாவில் இற்றுப்போக ஒன்றுமில்லை. ஆனால் மை ஒழுகாமல் இருப்பதற்கு மரை ஒன்றுதான் காவல். கழுத்தின் வெளிப்புறத்தில் டையாலும், உடம்பின் உட்புறத்தில் டேப்பாலும் மரை வெட்டுவார்கள். சீப்புப் போலப் பல் வைத்த உளியைச் சுழலும் கம்பியின்மேல் சரியான வேகத்தில் நகர்த்தியே மரை எடுக்கும் கைத்தேர்ச்சி உள்ளவர்களும் உண்டு. கருவி தேயத் தேய மரையும் இம்மி இம்மியாக மாறும். அதனால்தான் அந்தக் காலப் பேனாக்களில் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. பள்ளிக்கூடத்தில் நண்பனின் மூடியை மாற்றிப் போட்டுக்கொண்டு திண்டாடியவர்களுக்கு இது ஞாபகம் வரும். மரை தளர்ந்த பேனாவுக்கு நூல் சுற்றியும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தும் சமாளித்தோம். சட்டைப் பையின் அடியில் நீலச் சந்திரன் உதித்த வீடுகளும் பல.

சுவர் கனமாக இருக்க வேண்டும் என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று நிறைகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். தாளில் சொட்டு விழும். எபோனைட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுவர் தடியாக இருந்தால் கைச்சூடு உள்ளே போகத் தாமதமாகும். ராஜமுந்திரிப் பேனாக்கள் பருமனாக இருப்பது வெறும் ஆடம்பரம் அல்ல.

நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கும் எபோனைட்தான். அதன் முதுகில் மெல்லிய வாளால் ஒரு கீற்றுப் போடுகிறார்கள். அந்தக் கீற்றின் வழியே மை நிப்புக்கு இறங்க வேண்டும். இறங்கிய மைக்குப் பதிலாகக் காற்று உள்ளே ஏற வேண்டும். அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை பெற்றது இந்த நாக்குக்குத்தான். கீற்று அகன்றால் மை கொட்டும். குறுகினால் பேனா மக்கர் செய்யும். எபோனைட்டில் வாள் பட்ட இடம் நுண்ணிய சொரசொரப்போடு இருப்பதால் மை அதைப் பற்றிக்கொண்டு இறங்கும்; வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அவ்வளவு சுலபமாக இறங்காது. கடைசியில் நாக்கை லேசாகச் சூடு காட்டி, நிப்பின் வளைவோடு ஒட்டும்படி அழுத்திவிடுவார்கள். அது ஆறியதும் அப்படியே நிற்கும். இந்த ஒரு வசதி பிளாஸ்டிக் நாக்குக்குக் கிடையாது.

மெருகு போடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுழலும் பேனாவின்மேல் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நயத்துக்கு வந்து, கடைசியில் துணிச் சக்கரத்தில் மெருகுப்பசையால் முடிப்பார்கள்.

மிஞ்சியது நிப்பு. ரத்னம் பொற்கொல்லராக இருந்தது எவ்வளவு பொருத்தம் என்பது இங்கேதான் விளங்குகிறது. தகட்டை உருட்டும் யந்திரம், ஊதுகுழல், குறடு, சிறு அரங்கள், அச்சு ஆகிய எல்லாம் நகைப் பட்டறையில் ஏற்கெனவே இருப்பவை. அதாவது பேனாவுக்கு வேண்டிய கருவிகளில் பாதி ஒரு பொற்கொல்லரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 14 காரட் தங்கத் தகட்டை மெலிதாக்கி, அச்சில் வெட்டி, நடுவில் மூச்சுத்துளை போட்டு, வளைத்தெடுப்பார்கள். 14 காரட் என்பது நூற்றுக்கு 58 பங்கு சொச்சம் தங்கம். மீதி செம்பும் வெள்ளியும். சுத்தத் தங்கம் அழுத்தினால் வளைந்தபடி நின்றுவிடும். கலப்பு சேர்ந்தால்தான் சுருள்வில் போல் மீளும். இரும்பு நிப்பு நெடுநாள் தாங்காது. அக்கால மைகளில் இருந்த அமிலம் அரித்துவிடும்.

தங்கம் தாளில் தேய்ந்துவிடுமே? அதற்காக நுனியில் ஆஸ்மிரிடியம் என்ற உலோகத்தின் ஒரு மணியைப் பதிக்கிறார்கள். கடுகில் பாதிகூட இராது. இரிடியம் உருகுவதற்கு 2,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். தங்கம் 1,064 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே மணியை உருக்காமல், சுற்றியுள்ள தங்கத்தை மட்டும் இளக்கி அதைப் பிடித்துவைக்க வேண்டும். பிறகு அந்த மணியை நடுவாகப் பிளந்து நிப்பின் கீற்றைப் போட வேண்டும். அரம் அதன்மேல் வழுக்கும். எஃகு வாள் மழுங்கும். மெல்லிய செப்புத் தகட்டுச் சக்கரத்தில் கடினமான சாணைத்தூளைப் பூசிச் சுழற்றித்தான் அறுக்க முடியும்.

இந்த இடத்தில் ஸ்வதேசிக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ரப்பர் நம் நாட்டில் விளைந்தது. கேரளத்தில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் 1902-லேயே தோட்டம் போட்டாயிற்று. தங்கத்துக்குக் கோலார் இருந்தது. ஆனால் வெட்டியெடுக்கும்படியான கந்தகச் சுரங்கம் பாரதத்தில் கிடையாது. அந்தக் கடுகளவு மணியோ டாஸ்மேனியா, தென்னாப்பிரிக்கா, ரஷ்யா போன்ற இடங்களில் ஆற்று மணலிலும் சுரங்கங்களிலும் கிடைத்தது. எவ்வளவு வைராக்கியம் இருந்தாலும், தாளைத் தொடும் அந்த நுனி நம் மண்ணில் விளைந்ததல்ல. ஆகவே ‘முழு ஸ்வதேசிப் பேனா’ என்று சொல்லும்போது பொருளைவிடக் கருவியையும் கையையும் கொண்டுதான் கணக்கிட வேண்டும். குமரப்பா எழுதி வந்த கிராமப் பொருளாதாரமும், வேலையும் அதன் பலனும் யார் கையில் தங்குகின்றன என்பதைத்தான் முக்கியமாகக் கேட்டது. அந்த அளவுகோலில் ராஜமுந்திரிப் பேனா தேறிவிடுகிறது.

மையிலும் இதே முயற்சி நடந்தது. 1934-ல் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கிய சுலேகா மை அதன் பயன். அந்தத் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டு, 2006-ல் மறுபடி திறந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1950-களில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு, கைப்பேனாக்காரர்களுக்கு நல்ல காலமாக அமைந்தது. ராஜமுந்திரியிலேயே 1946-ல் கைடர் என்ற பெயரில் இன்னொரு பட்டறை தோன்றியிருந்தது. சென்னை பாரிமுனைப் பக்கத்தில் ஜெம் கம்பெனியின் காமா பேனா, ஹைதராபாதில் டெக்கான் பேனாக் கடை, பம்பாயில் வாலிட்டி, வில்ஸன் என்று நம் வாசகர்கள் வசிக்கும் ஊர்களில் எல்லாம் ஒரு பெயர் நினைவுக்கு வரும்.

1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது, புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. கல்யாண வீடுகளில் எழுந்த புலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. ‘பதினாலு காரட் திருமாங்கல்யமா!’ என்று நம் பாட்டிமார்கள் அங்கலாய்த்தார்கள். நிப்புக்கு உத்தமமான அதே 14 காரட் கழுத்துக்கு ஆகாததாயிற்று. வேடிக்கை ஒருபுறம் இருக்க, அந்த விதியால் நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்ட கஷ்டம் மிகப் பெரிது. நிப்புச் செய்யும் கைகளும் அந்தக் குடும்பங்களில்தான் இருந்தன.

எஃகு நிப்புக்கு நம் பக்கத்திலேயே ஓர் ஊர் இருந்தது. சாத்தூர் என்றதும் காரச்சேவும் வெள்ளரிக்காயும் ஞாபகம் வரும். மூன்றாவதாகப் பேனா நிப்பையும் சேர்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வெட்டுவது, துளையிடுவது, பெயர் பொறிப்பது, வளைப்பது, கீற்றுப் போடுவது என்று ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாக வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் நடந்தது. கையழுத்து யந்திரங்களின் ‘டக் டக்’ சத்தம் தெருவெல்லாம் கேட்கும். தமிழ்நாட்டுப் பரீட்சைத் தாள்களில் எத்தனையோ சாத்தூர் நிப்பால் எழுதியவைதான்.

பந்துமுனைப் பேனா அந்தத் தொழிலைச் சாய்த்தது. பல பள்ளிகள், கையெழுத்துக் கெட்டுவிடும் என்று முதலில் அதைத் தடுத்துப் பார்த்தன. 1980-களில் ரெனால்ட்ஸ் வந்த பிறகு தடுப்பார் இல்லை. நிப்புத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போனார்கள். ஒரு பட்டறை மூடினால் யந்திரம் பழைய இரும்புக்குப் போகும். அதோடு அச்சும் போகும். எந்த அழுத்தத்துக்கு எந்த வளைவு என்று தெரிந்த கையும் போகும். அதைத்தான் திரும்ப வாங்க முடிவதில்லை.

கடைசல் மட்டும் பிழைத்திருக்கிறது. திருவள்ளூரில் செய்யப்படும் ரங்கா பேனாக்களும் ராஜமுந்திரிப் பேனாக்களும் கடல் கடந்து போகின்றன. ஜப்பானியரும் அமெரிக்கரும் வண்ண வண்ண எபோனைட்டைத் தேர்ந்தெடுத்து, தங்கள் கைக்கு அளவு சொல்லிச் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் நுனியைப் பாருங்கள். பல பேனாக்களில் ஜெர்மனியிலிருந்து வரும் ஜோவோ, பாக், ஷ்மிட் நிப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. வாங்குபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். செய்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1935-ல் பேனா முழுவதையும் நம்மால் செய்ய முடியுமா என்பது கேள்வியாக இருந்தது. இன்று உடம்புக்கு உலகமே நம்மிடம் வருகிறது. முக்கால் அங்குல நிப்புக்கு நாம் வெளியே போகிறோம்.

தாத்தாவின் பெட்டியில் பழைய கறுப்புப் பேனா கிடைத்தால், வாசக அன்பர்கள் அதை வெந்நீரில் மட்டும் போட வேண்டாம். எபோனைட் பழுப்பேறி மங்கிவிடும். வெயிலிலும் வைக்க வேண்டாம். கழுத்து திருகவில்லை என்றால் குறடு போடாமல், கையால் நிதானமாகத் திருகிப் பாருங்கள். நிப்பைக் கழற்றும் முன் அதன் முதுகில் பொறித்திருக்கும் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் படித்துவிடுங்கள். 14 காரட் என்றிருந்தால் அதைப் பழைய தங்கத்துக்குப் போட்டுவிடாதீர்கள். நுனியில் அந்த மணி இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, மையை ஊற்றி, முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுப் பாருங்கள்.